சி.டி.4 குறையும்வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: திருச்சூரில் கட்டட வேலை பார்த்த என் தம்பிக்கு ஹெச்.ஐ.வி. இருப்பது போன மாதம் தனியார் லேபில் தெரிந்தது. கொஞ்ச நாளாக இருமல். மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறான். சி.டி.4 (ரத்தத்தில் உள்ள எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை) குறைந்த பிறகுதான் மாத்திரை தருவார்கள் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். எப்போது தொடங்கலாம் டாக்டர்?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: காத்திருக்கவே வேண்டாம் அம்மா. அவர் சொன்னது பழைய கணக்கு. சி.டி.4 இதற்குக் கீழே போனால்தான் மாத்திரை என்று முதலில் 200, அப்புறம் 350, பிறகு 500 என வரம்பு இருந்தது உண்மைதான். 2017-லிருந்து அது கிடையாது. தொற்று உறுதியானால் எல்லோருக்கும் கூட்டு மருந்து உண்டு. அன்றைக்கே, இல்லாவிட்டால் ஒரு வாரத்துக்குள். சி.டி.4 சோதனை எடுப்பார்கள், ஆனால் அந்த முடிவு வரட்டும் என்று மாத்திரையைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

தனியார் லேப் சீட்டு மட்டும் போதாது. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் மறுபடி ரத்தம் எடுத்து உறுதி செய்து, ஹெச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள். உங்களுக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் அது இருக்கிறது. பொதுவாக இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில்தான் ஆட்கள் நின்றுபோகிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவரை, 'கவுன்சிலர் லீவு, நாளைக்கு வாங்க' என்று திருப்பினால் அவர் எப்படி மறுபடி வருவார்? மாத்திரை அலமாரியில் இருக்க, ஒரு கையெழுத்துக்காக நோயாளியை அலைய விடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. தம்பியோடு நீங்களும் காலையிலேயே போங்கள். இன்றைக்கே தொடங்க முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இப்படி அலைகிறவர்களைத்தான் தரகர்கள் பிடிக்கிறார்கள். பெயர் பதியாமல் மாத்திரை வாங்கித் தருகிறேன் என்பார் ஒருவர். 3 மாதம் லேகியம் சாப்பிட்டால் நெகட்டிவ் ஆகிவிடும் என்பார் இன்னொருவர். நம்பாதீர்கள். அரசு மையங்களில் இந்த மாத்திரை 2004 முதல் இலவசம். எய்ட்ஸைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே சட்டப்படி தடை. லேகியத்துக்குக் கொடுத்த பணத்தைக்கூடச் சம்பாதித்துக்கொள்ளலாம். வீணாய்ப் போன மாதங்கள் திரும்பாது. பெயர் வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்தில்தான் பலர் இவர்களிடம் போகிறார்கள். சம்மதமில்லாமல் யாரும் வெளியே சொல்லக் கூடாது என்று 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டம் சொல்கிறது. தம்பி மறுபடி கேரளாவுக்குப் போனால், சிகிச்சையை அங்குள்ள மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இருமலை மட்டும் மறைக்கக் கூடாது. இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை, இதில் ஒன்று இருந்தாலும் காசநோய்க்குச் சளி பார்ப்பார்கள். காசநோய் இருந்தால் அதற்கான மாத்திரை முதலில். அதைத் தொடங்கி 2 வாரத்துக்குள் ஹெச்.ஐ.வி. மாத்திரை. காரணம் இதுதான்: ஹெச்.ஐ.வி. மாத்திரையால் எதிர்ப்புச் சக்தி திடீரென்று எழும்போது, உள்ளே பதுங்கியிருக்கும் கிருமியோடு மோதிக் காய்ச்சலும் வீக்கமும் கூடும். கிருமி மூளைச் சவ்வில் இருந்தால் அந்த வீக்கம் உயிருக்கே ஆபத்து. அதனால் அங்கே மட்டும் குறைந்தது 4 வாரம் வேண்டுமென்றே தள்ளிப்போடுவார்கள். அப்போது அலைக்கழிக்கிறார்கள் என்று நினைத்துப் பாதியில் விட்டுவிடாதீர்கள். விடாத தலைவலி, வாந்தி இருந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். ஆனால் வெறும் இருமலை வைத்துக்கொண்டு, 'அது சரியாகட்டும், அடுத்த மாதம் பார்ப்போம்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சளிச் சோதனையை அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.

தம்பிக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் மனைவிக்கும் சோதனை வேண்டும். வழியில் எங்காவது தடங்கல் வந்தால் 1097-ஐக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.