22ஆம் தேதியே சம்பளம் காலி, இதுல குழந்தை பேர்ல பாலிசி எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். எங்களுக்கு ரெண்டு பசங்க, பெரியவனுக்கு 4 வயசு, சின்னவளுக்கு 1. இப்போ வீட்டுக்காரர் சம்பளம் மட்டும்தான். சம்பளத்தை 100ன்னு வெச்சா வாடகை 32, மளிகை காய்கறி 30, ஸ்கூலும் வேனும் 13, கரண்ட் கேஸ் போன் போக்குவரத்து எல்லாம் 8, டயபர் பால் பவுடர் 8, கிரெடிட் கார்டு மினிமம் 3. கணக்குப்படி மாசம் 6 மிஞ்சணும், ஆனா 22ஆம் தேதிக்கு மேல கையில ஒண்ணுமே இருக்கறதில்ல. கார்டுல 60 பாக்கி, ஒரு வருஷமா அசையவே மாட்டேங்குது. வீட்டுக்காரரோட சித்தப்பா, பசங்க படிப்புக்கு ஒரு பாலிசி போடுங்க, மாசம் 4 தானேன்னு சொல்றார். போடலாமா? அவர்கிட்ட என்ன சொல்றது?

பதில்: வணக்கம். போடாதீங்க, இப்போ வேண்டாம். ஏன்னு சொல்றேன், அதுக்கு முன்னாடி அந்தக் கார்டை கொஞ்சம் கிட்ட போய் பார்ப்போம்.

மாசம் 3% வட்டின்னு வெச்சுக்கலாம், நிறைய கார்டுல அந்த ரேஞ்சுதான். 60க்கு ஒரு மாச வட்டி 1.80. நீங்க கட்டுற மினிமம் 3ல 1.80 வட்டிக்கே போயிடுது, கடன்ல குறையறது வெறும் 1.20. அந்த மாசம் பையனுக்கு ஷூ, பொண்ணுக்கு காய்ச்சல்னு கொஞ்சம் தேய்ச்சீங்கன்னா அந்த 1.20ம் திரும்ப ஏறிடும், அதான் ஒரு வருஷமா அங்கயே நிக்குது. மாசம் 3%ன்னா வருஷத்துக்கு 36ன்னு நினைப்போம், வட்டிக்கு வட்டி சேர்ந்தா 42க்கு மேல வரும். 72ஐ மாச வட்டி சதவீதத்தால வகுத்தா கடன் எத்தனை மாசத்துல டபுள் ஆகும்னு வரும்னு ஒரு பழைய கணக்கு இருக்கு, இத்தாலில லூக்கா பச்சோலிங்கற கணக்கு அறிஞர் 1494லயே எழுதி வெச்சது. 72ஐ 3ஆல வகுத்தா 24. கட்டாம விட்டா ரெண்டே வருஷத்துல 60 வந்து 120. இப்படி ஒரு பக்கம் 42% போயிட்டு இருக்கும்போது இன்னொரு பக்கம் மாசம் 4ஐ எடுத்து அதுல அஞ்சுல ஒரு பங்குகூட தராத பாலிசில போட்டா அது சேமிப்பு இல்ல, கடன் வாங்கி சேமிக்கறது.

இன்னொண்ணு, பாக்கி நிக்கற வரைக்கும் பெரும்பாலான கார்டுல அந்த 45, 50 நாள் வட்டியில்லா சலுகை கிடையாது. புதுசா தேய்க்கிற ஒவ்வொண்ணுக்கும் அன்னைலேருந்தே வட்டி ஓடும். இது பல பேருக்கு தெரியறதே இல்ல. அதனால கார்டை பர்ஸ்லேருந்து எடுத்து பீரோல வைங்க, போன்ல சேவ் பண்ணி வெச்சிருந்தா அதையும் அழிச்சிடுங்க.

சரி, அந்த 6 எங்க போகுது? நீங்க ஊதாரி இல்லம்மா, உங்க லிஸ்ட்ல மாசா மாசம் வர்ற செலவு மட்டும்தான் இருக்கு. டெர்ம் ஃபீஸ், யூனிஃபார்ம், டாக்டர், பிறந்தநாள், ஒரு கல்யாணத்துக்கு கிஃப்ட், வண்டி சர்வீஸ் இதெல்லாம் அதுல இல்ல. இது எதுவும் வராத மாசத்துல 6 தானா கரைஞ்சிடும், வர்ற மாசத்துல கார்டு. ஷூவையே எடுத்துக்குங்க, ரெண்டு மூணு வயசு வரைக்கும் சில மாசத்துக்கு ஒரு தடவை கால் வளர்ந்துடும், அதை "திடீர் செலவு"ன்னு சொல்றோம், அதுல என்ன திடீர் இருக்கு? என் பசங்க சின்னதா இருந்தப்ப நானும் இதே கூத்துதான், பத்தொன்பது தலைப்பு போட்டு எக்ஸெல் ஷீட் வெச்சிருந்தேன், அதுல ஷூவுக்கு ஒரு தலைப்பு இல்ல.

இன்னைக்கு ராத்திரி பசங்க தூங்கினதும் ரெண்டு பேரும் உக்காந்து, போன வருஷம் இப்படி விட்டு விட்டு வந்த செலவெல்லாம் பேங்க் எஸ்எம்எஸ் பார்த்து எழுதுங்க. 48 வருதுன்னு வைங்க, 12ஆல வகுத்தா மாசம் 4. சம்பளம் வந்த அன்னைக்கே அந்த 4ஐ தனி அக்கவுண்டுக்கு தள்ளிடுங்க. கார்டுக்கு 3க்கு பதிலா 6, அதுவும் அன்னைக்கே, ஆட்டோ பே. மொத்தம் 10, உங்ககிட்ட இருக்கறது மினிமம் 3 கூட மிச்ச 6, அதாவது 9. குறையற 1ஐ மளிகை 30லேருந்து எடுங்க, மீதி 29ஐ வாரத்துக்கு இவ்ளோன்னு நாலா பிரிச்சு ரொக்கமா வெச்சுக்குங்க. முதல் ரெண்டு மாசம் இறுக்கமாத்தான் இருக்கும், அதை மறைக்க விரும்பல.

ஏன் சம்பள நாள்லயேன்னா, கையில காசு இல்லாதப்ப மண்டை சரியா ஓடாது. கரும்பு விவசாயிகளை வெச்சு ஒரு ஆராய்ச்சி, 2013ல சயன்ஸ் இதழ்ல வந்தது. அறுவடைக்கு முன்னாடி காசு முடையா இருந்தப்ப ஒரு டெஸ்ட், அறுவடை முடிஞ்சு காசு வந்ததும் அதே ஆளுங்களுக்கு டெஸ்ட், முன்னாடி எடுத்த மார்க் நல்லாவே கம்மி. 22ஆம் தேதி முடிவெடுக்கற வேலையை 1ஆம் தேதி நீங்களே முடிச்சு வெச்சிடுங்க.

புதுசா தேய்க்காம மாசம் 6 கட்டினா ஒரு வருஷம் சொச்சத்துல கார்டு முடிஞ்சிடும். மினிமம் மட்டும் கட்டிட்டு இருந்தா, கடன் குறையக் குறைய மினிமமும் குறையும், ரெண்டு வருஷம் கழிச்சும் 37 பாக்கி நிக்கும்.

டயபர்ல ஒரு விஷயம், பெரிய பேக் ஆஃபர்னு ரெண்டு மூணு வாங்கி அடுக்காதீங்க, சைஸ் மாறிட்டா அவ்ளோதான். விலையை பேக்குக்கு பார்க்காம ஒரு பீஸுக்கு பாருங்க. அவ டயபரை விட்ட மாசமே அந்தக் காசை, ஒரு 5 வருமா, கையோட கார்டு பக்கம் திருப்பிடுங்க. கார்டு முடிஞ்சதும் அந்த 5ம் கார்டோட 6ம் சேர்ந்து மாசம் 11, ஒன்பதே மாசத்துல கிட்டத்தட்ட ஒரு முழு மாச சம்பளம் அவசரத்துக்குன்னு கையில நிக்கும். தேவைக்கு 50, ஆசைக்கு 30, சேமிப்புக்கு 20ன்னு, அமெரிக்காவுல எலிசபெத் வாரனும் அவங்க பொண்ணும் 2005ல பிரபலப்படுத்தின 50-30-20 ஃபார்முலா ஒண்ணு சுத்திட்டே இருக்கும், இப்போதைக்கு அதை கண்டுக்காதீங்க, உங்க வீட்ல ஆசைக்கு 30 ஒதுக்க இடமே இல்ல.

இன்சூரன்ஸ் வேணும்தான், ஆனா குழந்தை பேர்ல இல்ல. சம்பாதிக்கிறவருக்கு எதாவது ஆனாத்தான் வீடு நிக்காது, அதனால அவர் பேர்ல வெறும் டெர்ம் பாலிசி. பாலிசி காலத்துக்குள்ள அவர் இறந்தாத்தான் குடும்பத்துக்கு பணம் வரும், இல்லன்னா முடிவுல திரும்ப வராது, அதான் பிரீமியம் கம்மி. வருஷ பிரீமியத்தை அந்த 48 லிஸ்ட்ல சேர்த்துடுங்க, மாச 4 கொஞ்சம் ஏறும், பரவால்ல, இதை மட்டும் தள்ளிப்போடாதீங்க.

சித்தப்பாகிட்ட, "கார்டு அடைச்சிட்டு இருக்கோம் சித்தப்பா, பசங்க பாலிசியை அது முடிஞ்சப்புறம் பார்க்கலாம், இப்போ முதல்ல இவர் பேர்ல டெர்ம் போடணும், அதுக்கு கொட்டேஷன் குடுங்க"ன்னு சொல்லுங்க. குடுத்தார்னா இன்னும் ரெண்டு இடத்துல விலை கேட்டுட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.