கொம்பை விடுங்கள், கிண்ணத்தைத் திருப்பிப் பாருங்கள்

என் வீட்டு அலமாரியில் இருக்கும் இரண்டு பழைய சாமுராய் தலைக்கவசங்களைப் பற்றிப் போன மாதம் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். ஜப்பானியர்கள் இதைக் கபுத்தோ என்பார்கள். மும்பைத் தமிழர்களில் இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

சோர் பஜாரில் ஒரு கபுத்தோ வாங்கினேன் சார். தங்க நிறத்தில் இரண்டு பெரிய கொம்பு, சிவப்புக் கயிறு, பின்னால் வைக்க ஒரு மடிப்புத் திரை, எல்லாம் சேர்த்து 18 ஆயிரம் ரூபாய். 300 வருடப் பழசு என்றார் கடைக்காரர். ஆனால் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் தலையிலேயே அது நுழையவில்லை. அந்தக் காலத்தில் சாமுராய்களுக்குத் தலை அவ்வளவு சின்னதா?
— செம்பூர் வாசகர்

தலை சின்னதில்லை, பொருள்தான் வேறு. ஜப்பானில் மே 5 அன்று ஆண் குழந்தைகள் நன்றாக வளர வேண்டும் என்று வீட்டில் ஒரு சின்னக் கபுத்தோவை அலங்கரித்து வைப்பார்கள். நம் வீட்டுக் கொலு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலுப்படியில் உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மைக்கும் நிஜச் செட்டியாருக்கும் என்ன உறவோ, அதே உறவுதான் உங்கள் பொருளுக்கும் சாமுராய் கபுத்தோவுக்கும். பிள்ளைகள் வளர்ந்த பிறகு இவை பழைய பொருள் கடைக்குப் போய், அங்கிருந்து உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. மடிப்புத் திரையும் கூடவே வந்தது என்று நீங்கள் எழுதியதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு காந்தத்தை எடுத்து மண்டைப் பகுதியில், அதாவது கிண்ணத்தில், வைத்துப் பாருங்கள். போரில் அணிந்த கபுத்தோவின் கிண்ணம் பெரும்பாலும் இரும்பு (தோலில் செய்த அசலும் உண்டு, ஆனால் அது உங்கள் கைக்கு 18 ஆயிரத்தில் வராது). பண்டிகைக் கபுத்தோ மெல்லிய பித்தளைத் தகடாகவோ அலுமினியமாகவோ இருக்கும், சில சமயம் பிளாஸ்டிக்காகக்கூட இருக்கும். அப்புறம் கையில் தூக்கிப் பாருங்கள், கனமே சொல்லிவிடும். பணம் போனது போனதுதான். ஆனாலும் அழகான பொருள், வரும் நவராத்திரிக்குக் கொலுவில் வையுங்கள், மகனுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

என் மாமனார் கப்பலில் வேலை பார்த்தவர், யோகோஹாமாவில் வாங்கிய தலைக்கவசம் எங்களிடம் இருக்கிறது. நெற்றிக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி திரும்பியிருக்கும் பகுதியில் தோல் ஒட்டி, அதில் சிங்கமும் பூவும் அச்சடித்திருக்கிறது. நடுவில் எழுத்து. போனில் படம் எடுத்து மொழிபெயர்த்தால் 1351ஆம் ஆண்டு என்று வருகிறது! விற்றால் மாட்டுங்காவில் ஃபிளாட் வாங்கலாமா?
— மாட்டுங்கா வாசகி

ஃபிளாட் கனவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஆனால் பொருள் நல்ல பொருளாக இருக்கலாம், கவனமாகக் கேளுங்கள்.

அந்தக் காது மாதிரியான மடிப்புக்கு ஃபுகிகாயேஷி என்று பெயர். அதில் ஒட்டியிருப்பது மான் தோல். அச்சுத்தகடு வைத்துச் சாயமேற்றி, சிங்கமும் பியோனிப் பூவும் வரும்படி செய்வார்கள். இந்த ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு ஷோஹெய் தோல் என்றே பெயர், ஏனென்றால் வடிவத்துக்குள்ளேயே "ஷோஹெய் 6ஆம் ஆண்டு, 6ஆம் மாதம், 1ஆம் நாள்" என்று எழுதியிருக்கும். ஷோஹெய் என்பது ஜப்பானிய ஆண்டுக்கணக்கு ஒன்றின் பெயர், அதில் 6ஆம் ஆண்டு 1351தான், உங்கள் போன் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வடிவம் மக்களுக்குப் பிடித்துப்போய், தேதியோடு சேர்த்து அப்படியே பல நூறு வருடங்கள் அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். எடோ காலம் என்று சொல்லப்படும் 1603 முதல் 1868 வரையான காலத்துக் கவசங்களிலும் அந்தத் தேதி இருக்கிறது. உங்கள் மாட்டுங்காவிலேயே ஹோட்டல் பலகையில் ஆரம்பித்த வருடத்தைப் போட்டிருப்பார்களே, அதை வைத்து இன்று காலை வார்த்த இட்லிக்கு 80 வயது என்று சொல்ல முடியுமா?

வயது தெரிய வேண்டுமென்றால் தோலையும் கொம்பையும் விட்டுவிட்டுக் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். தகடுகள் எத்தனை, ஆணித் தலைகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கின்றனவா அல்லது தட்டி மட்டமாக்கியிருக்கிறார்களா, உள்ளே பின்பக்கத் தகட்டில் கொல்லர் பெயர் வெட்டியிருக்கிறாரா. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1615க்குப் பிறகு ஜப்பானில் பெரிய போர் கிட்டத்தட்ட நின்றே போனது. சும்மா இருந்த பிரபுக்கள் "எங்கள் பாட்டன் காலத்து மாதிரி செய்து கொடு" என்று கேட்க ஆரம்பித்தார்கள், கொல்லர்களும் 400, 500 வருடம் முந்தைய பாணியில் புதிதாகச் செய்து கொடுத்தார்கள். யாரையும் ஏமாற்றச் செய்ததில்லை, ஆனால் இன்று நாம் ஏமாறுகிறோம்.

பெயர் வெட்டியிருப்பதையும் முழுதாக நம்பாதீர்கள். மியோச்சின் என்று புகழ்பெற்ற கொல்லர் குடும்பம் ஒன்று உண்டு. எடோ காலத்தில் அவர்களே பழைய கவசங்களைப் பார்த்து "இது எங்கள் முன்னோர் இன்னார் செய்தது" என்று சான்றுத்தாள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த முன்னோர் பட்டியலில் கற்பனை நிறைய என்பது இன்றைய ஆய்வாளர்களின் முடிவு. ஜப்பானில் பழைய கவசங்களுக்கென்றே ஓர் ஆய்வு, பாதுகாப்புச் சங்கம் இருக்கிறது, அவர்கள் தரும் சான்றிதழைத்தான் சேகரிப்பாளர்கள் மதிக்கிறார்கள்.

தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யாதீர்கள். உள்ளே சணல் துணியில் ஓர் உள்பை தைத்திருக்கும், தலை இரும்பில் இடிக்காமல் தொங்கலாக நிற்பதற்காக. நான் என் முதல் கபுத்தோவில் கொல்லர் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையில் அந்தத் துணியைப் பிரித்துவிட்டேன். உள்ளே பெயரும் இல்லை, அதன் பிறகு அந்தப் பழைய தையலும் இல்லை. இன்றுவரை அதைக் கவிழ்த்து வைக்கும்போதெல்லாம் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

தலையில் மான் கொம்பு, எருமைக் கொம்பு, முயல் காது எல்லாம் வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போட்டார்கள்? மரக்கிளையில் மாட்டாதா? எதிரி பிடித்து இழுக்க மாட்டானா?
— முலுண்ட் வாசகர், ஓய்வுபெற்ற ராணுவத்தார்

உங்களைப் போன்றவர் கேட்கும்போது பயமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பெரும்பாலும் அது கொம்பே இல்லை. எடோ ஆட்சியைத் தொடங்கிய தொகுகாவா இயேயசுவின் தளபதி ஹோண்டா ததகாட்சுவின் புகழ்பெற்ற மான் கொம்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள், அவை காகிதம். ஜப்பானியக் காகிதத்தை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, மேலே அரக்குப் பூசி இறுக்கியது. பார்த்தால் மிரட்டும், தூக்கினால் பூப்போல இருக்கும். இந்த விசித்திரக் கபுத்தோக்களில் பலவற்றுக்கு இதே சூட்சுமம்தான். உள்ளே தலையைக் காப்பது எளிய இரும்புக் கிண்ணம், வெளியே தெரியும் கெளுத்தி வால், சிப்பி, முயல் காது எல்லாம் காகிதமும் மரமும் அரக்கும். தவிர, நெற்றி அலங்காரத்தை ஒரு கொளுவியில் செருகித்தான் வைப்பார்கள், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

சரி, எதற்காக இவ்வளவு பாடு? 1543இல் போர்த்துக்கீசியர் மூலம் துப்பாக்கி வந்தது. படைகள் பெருத்தன. புகையிலும் கூட்டத்திலும் தலைவன் எங்கே என்று தன் ஆட்களுக்குத் தெரிய வேண்டும், எதிரி ஆட்களுக்கும் தெரிய வேண்டும். நமக்கு இது புதிதில்லையே! சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று தொல்காப்பியம் சொல்வதும் இன்னார் படை என்று காட்டும் அடையாளம்தானே. நம்மவர்கள் பூவைச் சூடினார்கள், அவர்கள் பூ வேலையை உலோகத்தில் செய்தார்கள். நம்மவர்களுடையது வாடிவிட்டது, அதனால் மியூசியத்தில் வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபுகுவோகா நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் குரோதா நாகமாசா என்ற பிரபுவின் கபுத்தோ. கொம்பும் இல்லை, பூவும் இல்லை. வெறும் ஒரு செங்குத்தான வெள்ளித் தகடு மாதிரி தலைக்கு மேல் நிற்கும். மெல்லிய மரப்பலகையில் வெள்ளி ரேக்கு ஒட்டியது. அது ஒரு மலைச்சரிவு. 1184இல் இச்சினோதானி என்ற இடத்தில் யோஷித்சுனே என்ற தளபதி குதிரையோடு செங்குத்தான சரிவில் இறங்கி எதிரியைப் பின்னாலிருந்து தாக்கிய கதை அங்கே குழந்தைக்கும் தெரியும். ஒரு போர்க்களத்தின் நிலத்தையே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறார் மனிதர்! அதைவிட வேடிக்கை, அது முதலில் அவருடையதே இல்லை. ஃபுகுஷிமா மசனோரி என்ற இன்னொரு பிரபுவோடு ஏற்பட்ட சண்டை தீர்ந்து சமாதானமானபோது, இவர் தன் எருமைக் கொம்புக் கபுத்தோவைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார் என்பார்கள்.

நவோயே கானேத்சுகு என்ற சாமுராயின் கபுத்தோவில் "அன்பு" என்ற எழுத்து பெரிதாக நிற்கும், யோனெசாவாவில் உவெசுகி ஆலயத்தில் இருக்கிறது. வாட்ஸ்ஆப்பில் அதைக் காதல் வீரன் என்று சுற்றவிடுகிறார்கள். அய்சென் என்ற உக்கிரமான பௌத்தக் காவல் தெய்வத்தின் பெயரிலோ அதாகோ தெய்வத்தின் பெயரிலோ வரும் முதல் எழுத்து அது என்பதுதான் அறிஞர்கள் சொல்வது. நம்மூர் லாரியில் "அய்யனார் துணை" என்று எழுதுவோமே, அந்த வகை.

62 தகடு கபுத்தோ ஒன்று எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. முழுக்கப் பழுப்பாகத் துரு ஏறியிருக்கிறது. மாமியார் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும் என்கிறார். தேய்க்கலாமா?
— டோம்பிவிலி வாசகி

வேண்டாம்! இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய்ப் புளியை எடுத்து ஒளித்து வையுங்கள்.

அந்தப் பழுப்பு கவனக்குறைவால் வந்ததில்லை, கொல்லர் வேண்டுமென்றே ஏற்றியது. இரும்பை மெதுவாகத் துருவேற விட்டு, ஒரு கட்டத்தில் நிறுத்தி, ஆழ்ந்த பழுப்பு நிறத்தில் நிலைநிறுத்துவது ஒரு தனிக் கலை. அதன் மேல் ஜப்பானியர்களுக்கு எவ்வளவு மோகம் என்றால், அரக்குப் பூசும்போதே அது துருப்பிடித்த இரும்பு மாதிரி தெரியும்படி பூசுகிற முறையும் இருக்கிறது. புளி போட்டால் அரை மணியில் 300 வருட வேலை காலி.

62 தகடு என்கிறீர்களே, அது சாதாரண வேலை இல்லை. ஒவ்வொரு தகடும் உச்சியில் குறுகி, கீழே அகன்று, ஓரம் மேல்நோக்கி மெல்லிய வரப்பாக மடிந்திருக்கும். ஒன்றின் பாதி இன்னொன்றின் மேல் ஏறி, ஆணிகளால் பிணைந்து, கடைசித் தகடு முதல் தகட்டோடு சேரும்போது ஒரு நூல் பிசகாமல் வட்டம் முடிய வேண்டும். ஹிதாச்சி பகுதியின் சாவோதோமே கொல்லர்கள் இந்த வேலைக்குப் பேர் போனவர்கள். வரப்புகள் உச்சியில் போய்ச் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள், இடைவெளி ஒன்றுபோல இருந்தால் நல்ல கை. உச்சியில் ஓர் ஓட்டை, அதைச் சுற்றிச் செவ்வந்தி இதழ் இதழாக அடுக்கிய உலோகப் பூ இருக்கும். பழைய நாளில் குடுமி வெளியே வருவதற்கான வழி அது, பிறகு ஹச்சிமான் என்ற போர்த் தெய்வம் அமரும் பீடம் என்று பெயர் பெற்றது. வாங்குகிறவர்கள் கொம்பைப் பார்த்து மயங்குகிறார்கள், நான் இந்த உச்சிப் பூவை முதலில் பார்ப்பேன். கொம்பை நேற்றுகூட மாற்றியிருக்கலாம்.

தூசிக்கு மெல்லிய தூரிகை போதும். புதிதாகச் செம்மஞ்சளாய்ப் பொடி உதிர்கிற துரு இருந்தால் மட்டும் அது கெட்ட துரு, அதை நிபுணரிடம் காட்டுங்கள்.

மும்பை மழைக்காலத்தில் எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்? ஏசி போட்டே வைக்கவா?
— அந்தேரி வாசகர்

அரக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உருஷி என்ற அந்த மரப்பால் காற்றில் இருக்கும் ஈரத்தால்தான் இறுகவே செய்கிறது, அதற்கு நம் ஊர்க் காற்று எதிரியில்லை. எதிரி வெயிலும் வறட்சியும். டெல்லியில் இருக்கும் நண்பர் குளிர்காலத்தில் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து, அரக்கு வெடித்ததை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினார்.

இங்கே கெடுவது மற்றதெல்லாம். கழுத்தைக் காக்கும் அடுக்குகளைக் கோத்திருக்கும் பட்டுக் கயிறு, மான் தோல், அடியில் இருக்கும் இரும்பு. பகலில் ஏசியை நிறுத்தி இரவில் போட்டால் ஈரம் ஏறி இறங்கி இன்னும் கெடும், அதற்கு ஏசி இல்லாமலே இருக்கலாம். பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பரணில் போட்டால் பூஞ்சைக்கு விருந்து. நான் மரப்பெட்டியில், பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பை போட்டு வைக்கிறேன். அக்டோபர் கடைசியில் காற்று காய்ந்ததும் வெளியே எடுத்து, நிழலில் ஒரு நாள் ஆறவிடுவேன். ஜப்பானியர்களும் முஷிபோஷி என்று இதையேதான் செய்கிறார்கள். நம் பாட்டிகள் பட்டுப்புடவைக்குச் செய்ததும் இதுதானே.

ஜப்பானிலிருந்து நேரடியாக வரவழைக்கலாமா?
— தாணே வாசகர்

வரவழைக்கலாம். வாளுக்கு அங்கே பதிவும் ஏற்றுமதி அனுமதியும் வேண்டும், தலைக்கவசத்துக்கு அந்தப் பதிவு இல்லை. 100 வருடத்தைத் தாண்டிய பொருளுக்குச் சுங்க அட்டவணையில் தனித் தலைப்பு உண்டு, வயதை விற்பவர் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். கரடி ரோமம், திமிங்கிலத்தின் பாகம் ஏதாவது சேர்ந்திருந்தால் அந்தப் பொருள் வேண்டாம், வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். இன்னொன்று, உள்ளே வந்தது திரும்ப வெளியே போவது கஷ்டம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது, பின்னால் வெளிநாட்டு ஏலத்தில் விற்று லாபம் பார்க்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

நம் நாட்டுக்கும் இந்தச் சாமுராய் விஷயத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
— தாராவி வாசகர், கல்லூரி மாணவர்

உண்டு, ஒன்று வேடிக்கையானது. 1613இல் ஷோகன் (ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர்) ஹிததாதா, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் தலைவர் ஜான் சாரிஸ் கையில் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸுக்குக் கவசங்களைக் கொடுத்தனுப்பினார். சில பத்து வருடங்களில் லண்டன் கோட்டையில் அதை வைத்திருந்தவர்களுக்கே எங்கிருந்து வந்தது என்று மறந்துபோய், மொகலாயப் பேரரசர் அனுப்பிய கவசம் என்று காட்டிக்கொண்டிருந்தார்கள்! இன்னொன்று, எடோ காலத்து ஜப்பானில் சான்தோமே என்று ஒரு கோடுபோட்ட பருத்தித் துணி பிரபலம். எந்த ஊர் என்று தெரிகிறதா? நம் மயிலாப்பூர் சாந்தோம்தான். சோழமண்டலக் கரைத் துணி அந்தப் பெயரில் அங்கே போனது.

கல்லூரி மாணவர் என்கிறீர்கள், காசு செலவழிக்காதீர்கள். முதலில் சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகத்துக்குப் போய், சர் ரத்தன் டாடா, சர் தோராப் டாடா சேகரிப்பிலிருந்து வந்த ஜப்பானியக் கலைப்பொருட்களைப் பாருங்கள், பிறகு ஆயுதப் பகுதியில் அக்பரின் கவசத்தைப் பாருங்கள். அந்த வரிசையில் பார்த்தால் கண் பழகும்.

அதைத் தலையில் போட்டுக்கொண்டு புல்லட் ஓட்டலாமா?
— நவி மும்பை வாசகர்

ஐஎஸ்ஐ முத்திரை இல்லை தம்பி. நாடாவும் நைந்திருக்கும்.