ஊறின சுவரை மூடி மறைக்காதீர்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 1940களில் கட்டிய வீடு, முன்னறைச் சுவரில் இடுப்பளவுக்கு ஈரம், பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்கிறதாம். ரிஜிஃபோம் (வெள்ளை நுரைத் தகடு) வைத்து மேலே ஜிப்சம் போர்ட் அடித்தால் ஈரமும் நிற்கும், வெக்கையும் குறையும் என்று ஒருவர் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். செய்யலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம், முற்பணமும் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு ஏறின ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். பிறகு யாரோ சீமெந்து பூசிப் பிளாஸ்டிக் பெயின்டும் அடித்திருப்பார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். போர்ட் அடித்தால் அது கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். உள்ளே பூஞ்சணம் பிடிக்கும், மரச்சட்டத்துக்குக் கறையான் வரும். வெக்கை பெரும்பாலும் கூரையிலிருந்து இறங்குவது. அந்தக் காசில் சீலிங்குக்கு மேலே வெக்கைத் தடுப்புப் போடுங்கள்.

இப்படி எஸ்டிமேட் கொடுக்கிற ஏஜென்ட்மார் இரண்டு ஊசி வைத்த மீட்டரைச் சுவரில் குத்தி, சிவப்பு விளக்கைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அது அளப்பது மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதை, ஈரத்தை நேரடியாக அல்ல. உப்புப் பூத்த சுவர் ஓரளவு காய்ந்திருந்தாலும் சிவப்புத்தான் காட்டும். பத்து வருட உத்தரவாதம் என்றால், பொருளுக்கா வேலைக்கா என்று எழுத்தில் கேளுங்கள்.

போர்ட் உதவுகிற ஒரே இடம் ஏசி அறை. ஏசியை 18இல் வைத்தால் நடுச்சுவர் குளிர்ந்து, மறுபக்கத்து அறையில் வியர்க்கும். கொழும்புக் காற்றில் ஈரம் அவ்வளவு. சுவர் 24 பாகைக்கு இறங்கினாலே நீர் கோத்துவிடும். அப்போது ஏசிப் பக்கத்தில் ரிஜிஃபோம் வைப்பது சரி. ஆனால் முதலில் ஏசியை 26க்கு உயர்த்திப் பாருங்கள், பல வீடுகளில் அதுவே போதும். அடிச்சுவரில் வெள்ளை உப்புப் பொடி இருந்தால் அது நிலத்து ஈரம், ஏசிப் பேச்சே இல்லை. சந்தேகமென்றால் சமையல் ஃபொயில் துண்டொன்றைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள். அறைப் பக்கம் நனைந்தால் காற்றில்.

இனி வெளியே போய்ப் பாருங்கள். சுவரை ஒட்டிப் பூப்பாத்தி, கொங்கிரீட் முற்றம், ஒழுகும் பீலி ஏதாவது இருக்கும். வீதிக்கு மேல் வீதி போட்டு உயர்த்திக்கொண்டே போகிறார்கள், பழைய வீடுகளெல்லாம் பள்ளத்தில் கிடக்கின்றன, கான் நிறைந்தால் தண்ணீர் உள்ளேதான் வருகிறது. கேட்டால் யாருக்கும் பொறுப்பில்லை. நீங்கள் செய்யக்கூடியது, வெளி மண்ணை உள்தரைக்கு ஆறு அங்குலமாவது கீழே வெட்டி இறக்கி, தண்ணீர் வடிய வழிவிடுவது.

பிறகு ஈரக் கோட்டுக்கு ஒன்றரை அடி மேல்வரை சீமெந்துப் பூச்சை உடைத்தெடுத்து, சுவரை மாதக்கணக்கில் காயவிடுங்கள். மேசன் பாஸ் அவசரப்படுவார், விடாதீர்கள். மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரியில் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு சேர்த்துப் பூசச் சொல்லுங்கள். கழுவாத கடல் மணல் வந்தால் லொறியைத் திருப்பி அனுப்புங்கள், அந்த உப்பே மறுபடி ஈரம் இழுக்கும். மேலே சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள். கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் வோட்டர்ப்ரூஃப் பெயின்ட் வாங்காதீர்கள்.