மாதவிடாய் நிற்கும் வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா?

கேள்வி: வயது 47. ஒரு வருடமாக பீரியட்ஸ் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப்போகிறது. திடீரென முகமெல்லாம் சூடாகி வியர்த்துக் கொட்டுகிறது, ராத்திரி தூக்கமில்லை, பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். 'நாங்களெல்லாம் இதைத் தாண்டி வரலையா' என்கிறார் மாமியார். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் அக்கா.

பதில்: இதற்காக எடுக்க வேண்டாம். சூடும் வியர்வையும் வருவது சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரப்பது தாறுமாறாகி, அப்புறம் குறைந்துகொண்டே போவதால். கர்ப்பப்பையை எடுத்தால் ரத்தப்போக்கு நிற்கும், அவ்வளவுதான், கூடவே சினைப்பையையும் எடுத்துவிட்டால் இதே தொல்லை இன்னும் மோசமாக வரும். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது, அதனால் உங்களுக்கு எதுவும் சீக்கிரம் வந்துவிடவில்லை.

மாமியார் தாண்டி வந்தது உண்மைதான். எப்படித் தாண்டினார் என்று ஒரு நாள் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், உங்கள் கடிதத்தில் இருப்பதில் பாதியை அவரும் சொல்வார், அன்றைக்கு அதைக் கேட்க ஆளில்லை. இப்போது கணவரையும் கூட்டிக்கொண்டு வந்து பேசுகிற பெண்களைப் பார்க்கிறேன்.

இந்தச் சூட்டுக்கும் வியர்வைக்கும் ஹார்மோன் மாத்திரை இருக்கிறது, ஆனால் அதன் பெயரைக் கேட்டாலே புற்றுநோய் பயம். அது பெரும்பாலும் 2002-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது, அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயதோ 63. அறுபதைத் தாண்டாதவர்களுக்கு, அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குபவர்களுக்கு, பெரும்பாலும் ஆபத்தைவிடப் பலனே அதிகம் என்பதுதான் இன்றைய நிலை. ஆனால் மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கு அது பொதுவாகச் சரிவராது, அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகச் சாப்பிடக் கூடாது, புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர வேண்டும், ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்காதீர்கள்.

முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பிரஷர் பார்த்துவிடுங்கள், படபடப்பும் எரிச்சலும் தைராய்டாலும் வரும். ஹார்மோன் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை 45 வயதுக்கு மேல் பெரும்பாலும் தேவையில்லை. ரத்தப்போக்கு அதிகமானாலோ, 12 மாதம் நின்றுபோய் மறுபடி ஒரு சொட்டுப் பட்டாலோ அன்றே கிளம்புங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்கிறேன். பீரியட்ஸ் தள்ளிப்போகும் இந்தக் காலத்திலும் கருத்தரிக்க வாய்ப்புண்டு. 50 வயதுக்குள் நின்றுவிட்டால் இரண்டு வருடமும், அதற்குமேல் நின்றால் ஒரு வருடமும் கருத்தடையைத் தொடருங்கள்.