‘ரேங்க்’ என்று பெயர் வைத்த ஃபங்ஷன் ஏன் திடீரென்று நின்றது?

கேள்வி: மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 5.7 பதிப்பில் மாணவர் தரவரிசைக்காக ‘ரேங்க்’ என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தேன். 8.0-க்கு மாறியதும் அதை அழைக்கும் குவெரிகளில் சின்டாக்ஸ் எரர் வருகிறது. கோடில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: 8.0-இல் விண்டோ ஃபங்ஷன்கள் (தொடர்புள்ள மற்ற வரிசைகளையும் பார்த்து ஒவ்வொரு வரிசைக்கும் மதிப்பைக் கணக்கிடுபவை) வந்தன. அவற்றோடு ரேங்க், லேக், லீட், ரோ_நம்பர் போன்றவை ரிசர்வ்டு சொற்களாகிவிட்டன, அதாவது மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொற்கள். இப்போது ‘ரேங்க்’ என்ற சொல்லைக் கண்டதுமே பார்சர் (குவெரியைப் படித்துப் பிரிக்கும் பகுதி) அதைத் தன் விண்டோ ஃபங்ஷனாகத்தான் படிக்கிறது. உங்கள் ஃபங்ஷனைத் தேடிப் போவதே இல்லை.

அவசரத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. பெயரை பேக்டிக் (`) என்ற மேற்கோள் குறிகளுக்குள் எழுதலாம். அல்லது டேட்டாபேஸ் பெயர், ஒரு புள்ளி, அடுத்து ஃபங்ஷன் பெயர் என்று அழைக்கலாம்; புள்ளிக்குப் பின் வருவது பெயராகத்தான் இருக்க முடியும் என்பதால் மேற்கோளே தேவையில்லை. மற்ற ஃபங்ஷன்கள், ட்ரிக்கர்களின் (அட்டவணையில் தரவு மாறும்போது தானாக ஓடும் கோடு) உள்ளே இருக்கும் அழைப்புகளையும் மறக்காமல் திருத்துங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் அதுதான்.

ஆனாலும் பெயரையே மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மேற்கோளை ஒருவர் ஓர் இடத்தில் மறந்தாலும் மீண்டும் இதே எரர். வேறு டேட்டாபேஸுக்குப் போனால் குறியும் மாறும்: போஸ்ட்கிரெஸ், ஆரக்கிளில் இரட்டை மேற்கோள், எஸ்க்யூஎல் சர்வரில் சதுர அடைப்பு. போஸ்ட்கிரெஸில் இன்னொரு சிக்கல். மேற்கோளுக்குள் பெரிய எழுத்து கலந்து பெயரிட்டால், பிறகு எப்போதும் அதே எழுத்தமைப்பில், மேற்கோளோடுதான் அழைக்க வேண்டும்.

எது ரிசர்வ்டு என்பதும் இடத்துக்கு இடம் வேறுபடும். போஸ்ட்கிரெஸில் ‘ரேங்க்’ ரிசர்வ்டு சொல்லே அல்ல. ‘லெஃப்ட்’ அங்கே ரிசர்வ்டு, ஆனால் ஃபங்ஷன் பெயராக வரலாம். ஆகவே மனக்கணக்கை நம்பாமல் டேட்டாபேஸையே கேளுங்கள். மைஎஸ்க்யூஎல் 8.0.13 முதல் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் (டேட்டாபேஸ் தன்னைப் பற்றிய விவரங்களைக் காட்டும் இடம்) ‘கீவேர்ட்ஸ்’ அட்டவணை இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் ‘பிஜி_கெட்_கீவேர்ட்ஸ்’ என்ற ஃபங்ஷன். அடுத்த அப்கிரேடுக்கு முன் மைஎஸ்க்யூஎல் ஷெல்லின் அப்கிரேடு செக்கரை ஓட்டினால், புதிய ரிசர்வ்டு சொற்களோடு மோதும் பெயர்களை அதுவே காட்டிக்கொடுக்கும்.

புதுப் பெயரில் வினையும் பொருளும் சேரட்டும்: ‘கெட்_ஸ்டூடன்ட்_ரேங்க்’ போல. அடிக்கோடு சேர்ந்த இப்படிப்பட்ட நீண்ட பெயர் ரிசர்வ்டு ஆகும் வாய்ப்பு மிகக் குறைவு. மைஎஸ்க்யூஎல்லில் ஃபங்ஷனின் பெயரை நேரடியாக மாற்றும் கட்டளை கிடையாது. புதிதாக உருவாக்கி, அழைப்புகளை மாற்றிய பிறகே பழையதை நீக்க வேண்டும். பழைய ஃபங்ஷனுக்கென்று தனியாக எக்ஸிக்யூட் (அதை ஓட்டும்) அனுமதி கொடுத்திருந்தால், புதியதற்கும் அதை மறுபடி கொடுங்கள்.