படித்தவர் ஓட்டு – கடிதம்

அன்புள்ள சார்,

பிரிட்டன் தேர்தல் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். லேபர் என்றால் தொழிலாளர் கட்சி என்றுதான் எங்கள் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அப்படியிருக்க, 2019-ல் பழைய சுரங்க ஊர்கள் பலவும் பணக்காரப் பிள்ளைகளின் ஈட்டன் பள்ளியில் படித்த கன்சர்வேட்டிவ் தலைவர் போரிஸ் ஜான்சனுக்கு எப்படி ஓட்டுப் போட்டன? பட்டம் வாங்காதவர்கள்தான் அவருக்கு அதிகம் போட்டார்களாமே, படிப்பறிவு இல்லாததால் ஏமாந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? அங்கே இனி வர்க்கம் என்று ஒன்று கிடையாதா?

எஸ்.,
திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

'ஏமாந்துவிட்டார்கள்' என்பதை முதலில் கழித்துவிடுவோம். 1945-ல் லேபரை அரியணையில் ஏற்றியவர்களில் பெரும்பாலோர் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். அவர்கள் ஏமாந்ததாக யாரும் சொல்வதில்லை. அந்தத் தேர்தலில் பட்டதாரிகளுக்கு இரண்டு ஓட்டு இருந்தது தெரியுமா? குடியிருக்கும் தொகுதியில் ஒன்று, படித்த பல்கலைக்கழகத்தின் பெயரில் இன்னொன்று. பல்கலைக்கழகங்களுக்கென்றே நாடாளுமன்றத்தில் 12 இடங்கள். அங்கெல்லாம் லேபர் வேர் பிடிக்கவே இல்லை. 1948-ல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். படித்தவர் என்றால் கன்சர்வேட்டிவ் என்பதுதான் அன்றைய வழக்கம். அப்புறம், தொழிலாளர்கள் எல்லோரும் லேபர் என்பதும் எப்போதுமே முழு உண்மை இல்லை. 1950களிலேயே அவர்களில் மூவரில் ஒருவர் டோரிக்கு, அதாவது கன்சர்வேட்டிவுக்குப் போட்டவர்தான்.

மாற்றம் கண்ணில் பட்டது 2017 ஜூன் 8 இரவு. 1923 முதல் லேபர் கையில் இருந்த சுரங்க ஊரான மான்ஸ்ஃபீல்ட் கன்சர்வேட்டிவுக்குப் போனது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கன்சர்வேட்டிவ் கோட்டையாக இருந்த கேன்டர்பரி, பேராலயமும் இரண்டு பல்கலைக்கழகங்களும் உள்ள ஊர், 187 ஓட்டில் லேபருக்கு வந்தது. 2019 தேர்தலுக்குப் பின் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் எடுத்த கணக்கில் பட்டதாரிகளிடையே லேபர் 43 சதவீதம், கன்சர்வேட்டிவ் 29. பத்தாம் வகுப்புக்கு இணையான படிப்போடு நின்றவர்களிடையே கன்சர்வேட்டிவ் 58, லேபர் 25. ஆனால் தொழிலை வைத்துப் பிரித்தால், உடலுழைப்புக்காரர்களிடமும் அலுவலகக்காரர்களிடமும் லேபருக்குக் கிடைத்தது ஒரே 33. இதைப் பார்த்துத்தான் வர்க்கம் போய்விட்டது என்று சொல்லிவிடுகிறார்கள்.

நாட்டிங்காமில் நான் இருந்தபோது, எனக்கு அறை வாடகைக்குக் கொடுத்தவரின் அப்பா மான்ஸ்ஃபீல்டில் இருந்தார். அந்தக் காலத்தில் 11 வயதில் எல்லாப் பிள்ளைகளும் எழுதிய தேர்வில் தவறியவர். தேறியவர்கள் கல்லூரிக்கு வழிவிடும் கிராமர் ஸ்கூலுக்குப் போனார்கள், இவர் 15 வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்கினார். அவர் தலைமுறையில் அது அதிசயமே இல்லை. 1950-ல் பல்கலைக்கழகம் போனவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான். ஆகவே 'பட்டம் இல்லாதவர்' என்று கருத்துக்கணிப்பு சொல்லும்போது பாதி நேரம் அது 'வயதானவர்' என்றுதான் சொல்கிறது.

அவர் பேச்சில் அடிக்கடி வந்தது சுரங்கத்தைவிட, சுரங்கக்காரர்களின் கிளப். சங்கக் கூட்டமும் பீரும் பித்தளை வாத்தியக் குழுவும் ஒரே கூரையின் கீழ். லேபர் ஓட்டு அங்கேதான் விளைந்தது. அப்பா போட்டார், பக்கத்தில் உட்கார்ந்தவர் போட்டார், நானும் போட்டேன் என்பார். (1984-85 வேலைநிறுத்தத்தில் நாட்டிங்காம்ஷயரில் பெரும்பாலோர் வேலைக்குப் போனவர்கள். அந்தக் கசப்பு இன்னும் ஆறவில்லை, அதைக் கிளறினால் பேச்சை மாற்றிவிடுவார்.) மாவட்டத்தின் கடைசிச் சுரங்கமான தோர்ஸ்பி 2015-ல் மூடியது. கிளப் அதற்கு முன்பே போய்விட்டது.

அவருடைய பேத்தி லீட்ஸில் பட்டம் வாங்கினாள், குடும்பத்திலேயே முதல் ஆள். மான்செஸ்டரில் கால் சென்டர் வேலை, மூன்று பேரோடு பகிர்ந்துகொண்ட வாடகை வீடு, தலையில் கல்விக் கடன். தாத்தாவோ 1980 சட்டத்தில் உள்ளாட்சி வாடகைக்கு விட்டிருந்த கவுன்சில் வீட்டை மலிவாக வாங்கியவர், கடன் இல்லை. ஆனால் கருத்துக்கணிப்புக்காரர்கள் ஏ, பி, சி1, சி2, டி, இ என்று அடுக்கும் ஏணியில், எழுத்தர் வேலை பார்ப்பதால் பேத்தி சி1, அதாவது நடுத்தர வர்க்கம். சுரங்கக்காரத் தாத்தா அதற்குக் கீழே. வீடு யாருக்கு இருக்கிறது என்று அந்த ஏணி கேட்பதில்லை. வர்க்கம் போகவில்லை எஸ்., அளக்கும் கோல்தான் பழசாகிவிட்டது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பட்டம் ஒருவருக்கு என்ன கற்றுத்தருகிறது என்பதல்ல, அது ஆளை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது. மான்ஸ்ஃபீல்டிலிருந்து 18 வயதில் கிளம்பும் பிள்ளை திரும்பி வருவதில்லை. வந்தால் வேலை கிடையாது. லீட்ஸ், பிரிஸ்டல், மான்செஸ்டரில் ஒரே வயதுக்காரர்கள் கூடிவிடுகிறார்கள், அங்கே அவர்களுக்கென்று ஒரு 'கிளப்' உருவாகிறது. ஊரில் மிச்சமிருப்பவர்கள் இன்னொரு பக்கம். 2016 வாக்கெடுப்பில் மான்ஸ்ஃபீல்டில் பத்தில் ஏழு பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகச் சொன்னார்கள், கேம்பிரிட்ஜில் ஏறக்குறைய அதே விகிதம் இருக்கச் சொன்னது. 2024-லும் இதே கதைதான். பிரிஸ்டல் சென்ட்ரலைப் பசுமைக் கட்சி பிடித்தது. மான்ஸ்ஃபீல்டை லேபர் மீட்டது, ஆனால் பக்கத்துத் தொகுதி ஆஷ்ஃபீல்டில் வலதுசாரி ரிஃபார்ம் கட்சி சார்பில் ஜெயித்த லீ ஆண்டர்சன் முன்னாள் சுரங்கத் தொழிலாளி, ஒரு காலத்தில் லேபர் கவுன்சிலர்.

லேபரும் சும்மா நிற்கவில்லை. 11 வயதில் பள்ளியை விட்ட எர்னஸ்ட் பெவின் 1945-ல் வெளியுறவு அமைச்சர். இன்று எம்.பி.க்களில், எந்தக் கட்சியானாலும், பத்தில் ஒன்பது பேர் பட்டதாரிகள். 16 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு 2024-ல் துணைப் பிரதமரான ஆஞ்சலா ரேனர் போன்றவர்கள் விதிவிலக்கு. தன் சாயலில் ஒரு முகத்தையும் மேடையில் காணாத ஆள், ஈட்டன்காரரானால் என்ன, ஆக்ஸ்ஃபோர்டுக்காரரானால் என்ன, இரண்டும் ஒன்று என்று நினைப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அந்த ஊர் வாக்குச்சாவடிகளில் நூலில் கட்டிய பென்சில் இருக்கும், அதில்தான் பெருக்கல் குறி போடுவார்கள். 2016-ல் பென்சில் குறியை அழித்து மாற்றிவிடுவார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. தாத்தா அன்று சட்டைப்பையில் சொந்தப் பேனாவோடு போனார். பேத்தி சிரித்தாள். 'உனக்கு அவர்களைத் தெரியும், எனக்குத் தெரியாது' என்றார் அவர்.