கர்ப்ப காலத்தில் வெள்ளைப்படுதலும் அரிப்பும் மருந்து வைத்தும் திரும்பத் திரும்ப வருகிறதே, என்ன செய்வது?

நீங்களும் அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் அப்படித்தான் செய்தேன். நான் டாக்டர் இல்லை, என் உடம்பில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். இதையெல்லாம் பொதுவில் எழுதலாமா என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கட்டும். எழுதாமல் இருந்ததால்தான் நான் அவ்வளவு அவதிப்பட்டேன்.

ஐந்தாம் மாதம். தயிர்த் திப்பி போல வெள்ளை, தூங்கவிடாத அரிப்பு. உடம்புச் சூடு என்று மாமியார் பாசத்தோடு வெந்தயத் தண்ணீரும் இளநீரும் கொடுத்தார். அரிப்பு குறையவில்லை. அப்புறம் டாக்டர் க்ளோட்ரிமசோல் 100 மில்லிகிராம், பிறப்புறுப்புக்கு உள்ளே வைக்கும் மாத்திரை, 7 இரவுக்கு எழுதினார். மூன்றாம் இரவே அரிப்பு அடங்கிவிட்டது. மீதி நான்கையும் பீரோவில் புடவைக்கு அடியில் செருகி வைத்தேன்.

பதினைந்தே நாளில் திரும்ப வந்தது. இந்த முறை கணவர் மருந்துக்கடையில் சொல்லி, ஒரே வேளை விழுங்கும் ஃப்ளூகோனசோல் 150 வாங்கி வந்தார். கர்ப்பமா என்று கடையில் கேட்கவே இல்லையாம். நர்ஸாக இருக்கும் நாத்தனாருக்கு அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "அண்ணி, வாயில போட்டுடாதீங்க" என்று உடனே போன் வந்தது. கர்ப்பத்தில் இந்தத் தொற்றுக்கு விழுங்கும் மாத்திரையைத் தவிர்ப்பார்கள், உள்ளே வைக்கும் மருந்துதான்.

வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து பரிசோதனைக்கு அனுப்பினார். மீன் வாடை வந்தால் அது பாக்டீரியா, அதற்கு மருந்தே வேறு என்றார். கையோடு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்த்தார்கள். 140-க்குள் இருக்க வேண்டியது, எனக்கு 168. மூன்றாம் மாதத்தில் சரியாகத்தான் இருந்தது! சர்க்கரை ஏறினால், இந்த அரிப்பைக் கொடுக்கும் ஈஸ்ட் என்ற பூஞ்சை செழித்து வளருமாம்.

சோற்றைக் குறைத்தேன், சாப்பிட்டதும் நடந்தேன். மாத்திரையை 7 இரவும் விடாமல் வைத்தேன். மாத்திரையை உள்ளே தள்ளும் அப்ளிகேட்டர் குழாய் வேண்டாம், கையைக் கழுவி விரலாலேயே மெதுவாக வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிரசவம் வரை திரும்ப வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்போது ஜவுளிக்கடையில் வேலை. ஈரமும் அரிப்புமாகப் பத்து மணி நேரம் நிற்க வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் பிரிவில் ஒரு ஸ்டூல் போட்டார்கள், உண்மைதான். அதன்மேல் எப்போதும் புடவைக் கட்டுதான் உட்கார்ந்திருந்தது.